அக்கி எழுதிய இடம்

சபரிநாதனைக் கோழி ஷெட்டில் மயங்கி விழவைத்துவிட்டு, போன வாரக் கதையை ஈவிரக்கம் இல்லாமல் அங்கேயே நிறுத்திக் கையைக் கழுவிக்கொண்டேன். "பையன் பொழைச்சானா இல்லையா, அதைச் சொல்லிட்டு நிறுத்தினா என்ன குறைஞ்சுபோச்சு?" என்று திட்டியவர்களுக்கு முதலில் பதில்: பிழைத்தான். ஆனால் அதை வாய்விட்டுச் சந்தோஷமாகச் சொல்லும் நிலையில் அந்த வீட்டில் யாரும் இல்லை.

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் இதயப் பிரிவில் அவன் படுத்திருந்தான். கழுத்து நரம்பு வழியாக இதயம் வரைக்கும் ஒரு மெல்லிய கம்பி. அதன் மறுமுனை தலைமாட்டில் இருந்த சின்னப் பெட்டியில். அவன் இதயம் தவறவிடும் துடிப்பையெல்லாம் அந்தப் பெட்டிதான் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. வயது முப்பத்திரண்டு. சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. பெற்ற வயிறு எப்படித் தாங்கும், சொல்லுங்கள்!

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் அவனுக்கு வேலை. மகள் தாரிகாவுக்குக் காது குத்துவதற்காக, மனைவி மதுமதியோடு நாமக்கல் பக்கம் இருக்கும் அப்பாவின் முட்டைப் பண்ணைக்கு லீவில் வந்தவன். வந்த சில நாளிலேயே காய்ச்சல், உடம்பு வலி. தண்ணீர் மாறியது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆளுக்கொரு கஷாயம் கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் விழுந்தான்.

மதுமதிக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அங்கே வீட்டுக்குப் பின்னால் காய்ந்த இலைகளைக் கூட்டிக் குவித்தார்கள். தாரிகா குவியலுக்குள் குதித்துக் குதித்து விளையாடினாள். அன்று சாயங்காலம் புருஷனின் இடது முழங்காலுக்குப் பின்னால் எள்ளு போல ஓர் உண்ணி ஒட்டியிருந்ததை மதுமதிதான் இடுக்கியால் பிடுங்கிப் போட்டாள். அந்தப் பக்கத்தில் உண்ணி கடித்தால் லைம் என்ற நோய் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு அது இதயத்தைப் பிடிக்கும். சரியான மருந்து போனால் பெரும்பாலும் விட்டுவிடும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே இதை டாக்டரிடம் சொன்னாள். அன்றே ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். அந்த ரிப்போர்ட்தான் இன்று காலை மாமனார் அப்புசாமியின் போனுக்கு வந்திருந்தது.

"ஒண்ணுமில்லீனு போட்டுட்டான்" என்றார் அப்புசாமி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "நெகட்டிவ். உண்ணியும் இல்லை, கிண்ணியும் இல்லை. இந்தா, நீயே பாத்துக்கோ சாமி."

மதுமதி வாங்கிப் பார்த்தாள். நெகட்டிவ்தான். இரண்டு நாளாக அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கிளை முறிந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்புசாமியைத் தப்பாக நினைக்க வேண்டாம். மருமகளை 'சாமி' என்று கூப்பிடாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் ரத்தப் பரிசோதனை விஷயத்தில் அவரோடு யாரும் வாயைக் கொடுக்க முடியாது. கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டால், அது பிடித்ததா என்று பார்க்க ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். டைட்டர் என்பார்கள். டைட்டர் ஏறியிருந்தால் கோழி தப்பித்தது, இல்லாவிட்டால் பண்ணையே போச்சு. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் மனுஷன் ராத்திரி தூங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் தீர்த்தகிரி இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நிதானமான மனிதர். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்.

"நிரந்தரமா பேஸ்மேக்கர் வெச்சிடலாம்ங்க. மதியம் ஆபரேஷன் தியேட்டர் கிடைச்சிருக்கு."

"நிரந்தரமான்னா... கடைசி வரைக்குமா டாக்டர்?" என்றாள் மதுமதி.

"ஆமாம்மா. சில வருஷத்துக்கு ஒரு தடவை பேட்டரி தீரும், மாத்தணும். மத்தபடி நல்லா இருக்கலாம். எத்தனையோ பேர் இருக்காங்க."

"லைம்னா அது தேவையே இல்லையே. மருந்துலயே சரியாயிடுமே."

"லைமா இருந்தா. ரிப்போர்ட் இல்லைங்குதே."

"அந்த டெஸ்ட் கிருமியைத் தேடறதில்லையே டாக்டர். கிருமிக்கு எதிரா உடம்பு தயார் பண்ற ஆன்டிபாடியைத்தானே தேடுது? அது வர்றதுக்கே சில வாரம் ஆகுமே."

தீர்த்தகிரி மறுக்கவில்லை. "நீங்க சொல்றது சரி. ஆரம்பத்துல எடுத்தா இந்த டெஸ்ட் ஏமாத்தும். நோய் இருந்தும் இல்லைன்னு சொல்லும். ஆனா சில சமயம் நோயே இல்லாதவங்களுக்கு இருக்குன்னும் சொல்லும். என்னைக்கோ வந்துபோன நோய்க்கும் வருஷக்கணக்கா பாசிட்டிவ் காட்டும். அதனால ஒரு பேப்பரை மட்டும் வெச்சு நான் எதையும் முடிவு பண்றதில்லை. ஆள் என்ன சொல்றார், உடம்பு என்ன காட்டுதுன்னு பார்ப்பேன். கடிச்ச இடத்துல செவப்பா வட்டம் கிளம்பி நாளுக்கு நாள் பெரிசாகும். அது இருந்திருந்தா ரத்தமே எடுத்திருக்க மாட்டேன், நேரா மருந்துதான். உங்க வீட்டுக்காரர்கிட்ட ரேஷ் வந்ததான்னு ரெண்டு தடவை கேட்டேன். இல்லைன்னுட்டார்."

"மருந்தைக் கொடுத்துப் பார்க்கக் கூடாதா?"

"கொடுக்கறேன், அதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா அது கேக்குதான்னு பார்க்க நாள் ஆகும். அதுவரைக்கும் கழுத்துக் கம்பியை விட்டுவெக்கணுமே? அதுல சீழ் பிடிக்கலாம், நகர்ந்துடலாம். வெறும் சந்தேகத்துக்காக அந்த ஆபத்தை எடுக்க என்னால முடியாதும்மா. வேற ஏதாவது ஒண்ணு எனக்கு வேணும்."

வெளியே வந்ததும் அப்புசாமி நடையை எட்டிப் போட்டார். மதுமதி ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வராம ஊசி போட்டா, டைட்டருக்கு எப்ப ரத்தம் எடுப்பீங்க?"

"அதெதுக்கு இப்ப?"

"சொல்லுங்க மாமா."

"ரெண்டு மூணு வாரம் போகோணும்."

"போன தடவை நாங்க வந்திருந்தப்ப, புது சூப்பர்வைசர் நாலாம் நாளே எடுத்துட்டாரே, அவரை என்ன சொல்லி விரட்டினீங்க?"

சொன்னது அப்புசாமிக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. பண்ணையே கேட்கும்படி கத்தியிருந்தார்: 'ஊசி போட்டதே கோழிக்கு இன்னும் உறைக்கல, அதுக்குள்ள டைட்டர் கேக்கறியாடா!'

"இவருக்கும் அப்படித்தான் மாமா. உடம்புக்கு இன்னும் உறைக்கலையோ என்னவோ. அதுக்குள்ள ரத்தம் எடுத்துட்டோம்."

அவர் முகம் ஒரு கணம் தளர்ந்தது. மசிந்துவிட்டார் என்றுதான் மதுமதி நினைத்தாள். ஆனால் பயம் என்று ஒன்று இருக்கிறதே, அது நியாயம் பேசினால் கேட்காது.

"கோழியும் என்ற பையனும் ஒண்ணா?" என்று சீறினார். "நூறு கோழி செத்தா நூறு குஞ்சு எறக்கிக்குவேன். இவனுக்கு எங்கீம்மா போவேன்? டைட்டர் ஏறட்டும்னு குக்கி உக்காந்துக்கிட்டு இருக்கறப்ப அந்தக் கம்பி நழுவிருச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

அதே பயம் மதுமதிக்கும் இருந்தது. அவள் சொல்வதைக் கேட்டு, அவள் சொன்னது தப்பாகிப்போனால்? அந்தப் பழியோடு எப்படி உயிர் வாழ்வது?

பக்கத்து நாற்காலியில் மாமியார் பொன்னாத்தாள் உட்கார்ந்திருந்தாள். பண்ணையில் தீவன மூட்டை இறக்குவதிலிருந்து முட்டை வண்டி ஏற்றுவது வரை அவள் சத்தம்தான் கேட்கும். இரண்டு நாளாக அந்தச் சத்தம் அடங்கியிருந்தது. மடியில் விபூதிப் பொட்டலம், கையில் ஆறிப்போன காபி.

மதுமதி போனைத் திறந்து ஒரு படத்தை மாமனாரிடம் நீட்டினாள். "இதைப் பாருங்க மாமா. உண்ணி கடிச்சா இந்த மாதிரிதான் வட்டம் வரும். சுத்தி செவப்பு, நடுவுல வெளுப்பு. வலிக்காது, அரிக்காது. இது மட்டும் இவருக்கு வந்திருந்தா டாக்டர் இந்நேரம் தியேட்டரை வேண்டாம்னு சொல்லியிருப்பார். என் நேரம், வரலை."

பொன்னாத்தாளும் எட்டிப் பார்த்தாள். காபி டம்ளர் சாய்ந்து சேலையெல்லாம் நனைந்தது.

"என்னாச்சுங்க அத்தை?"

"ஒண்ணுமில்ல கண்ணு. கை நடுங்குது" என்று எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாள். பட்டினி கிடக்கிற உடம்பு, நடுங்கத்தானே செய்யும் என்று மதுமதி விட்டுவிட்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துப் பண்ணையிலிருந்து போன். தாரிகாவைப் பக்கத்து வீட்டு வள்ளியாத்தாளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க" என்றாள் வள்ளியாத்தாள். "அம்முணிக்குக் கொஞ்சம் மேல் சுடுதுங்க. கழுத்து வலிக்குதுங்குது, சோறு வேண்டாங்குது. அப்பனைக் காங்காம ஏங்கிப்போச்சாட்ட இருக்குது."

"ராத்திரிக்குள்ள யாராவது ஒருத்தர் வந்துடறோம்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மதுமதி புருஷனின் கட்டிலுக்கு ஓடினாள். பிள்ளை அப்பாவைத் தேடுகிறது என்றுதானே எந்தத் தாயும் நினைப்பாள்?

சபரிநாதன் கண்ணை மூடியிருந்தான். அவள் கை பட்டதும் திறந்தான்.

"அப்பா சொல்றபடி செஞ்சிடலாம் மது. எனக்கு இதோட போராட முடியலை."

"ஒரே ஒரு தடவை யோசிச்சுச் சொல்லுங்க. அந்த முழங்கால்ல, இல்லை வேற எங்கயாவது, ரேஷ் மாதிரி எதுவும் வரலையா?"

"வரலைன்னு எத்தனை தடவைதான் சொல்றது?"

"நான் திருச்செங்கோட்டுல எங்கப்பாவுக்குக் கண் ஆபரேஷன்னு போயிருந்தேனே, அந்த நாலு நாள்ல?"

அவன் பார்வை கதவுப் பக்கம் போனது. அங்கே பொன்னாத்தாள் நின்றிருந்தாள். "ரேஷெல்லாம் ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் பொய் சொல்லவில்லை, நம்புங்கள். அவனைப் பொறுத்தவரை அவனுக்கு வந்தது ரேஷ் இல்லை.

மதியம் ஸ்ட்ரெச்சர் வந்தது. நர்ஸ் நீட்டிய பேப்பரில் சபரிநாதனே கையெழுத்துப் போட்டான். அப்புசாமி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே நடந்தார். மதுமதி மறுபக்கம். தோற்றுப்போன மாதிரி இருந்தது அவளுக்கு. இவ்வளவு தெரிந்து என்ன பிரயோஜனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

லிஃப்ட் கதவு திறந்தது. "நில்லுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். இரண்டு நாளாகக் காணாமல் போயிருந்த பொன்னாத்தாளின் சத்தம்.

"ஏனுங்க, நிறுத்துங்க. அவனை உள்ள கொண்டுபோகாதீங்க. அந்த வட்டம் வந்துச்சுங்க. என்ற பையனுக்கு வந்துச்சு. நாந்தான் அக்கின்னு நெனைச்சுட்டேன்."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. மதுமதி ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள்.

"என்ன சொல்றீங்க அத்தை?"

"நீ உங்கூட்டுக்குப் போயிருந்தப்ப கண்ணு. முழங்காலுக்குப் பொறத்தாண்ட செவப்பாக் கெடந்துச்சு. காய்ச்சலும் இருந்துச்சா, உஷ்ணத்துல அக்கி கிளம்பிருச்சுன்னு காத்தானைக் கூட்டியாந்தேன்."

காத்தான் பானை செய்கிறவர். அந்தப் பக்கத்தில் அக்கி வந்தால் டாக்டரிடம் போகிறார்களோ இல்லையோ, பானை செய்கிறவரிடம் போய்விடுவார்கள். செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் அக்கியின் மேல் சிங்க உருவம் எழுதுவார். மூன்று நாள் எழுதினால் சிங்கத்துக்குப் பயந்து அக்கி ஓடிவிடும் என்று நம்பிக்கை.

"காவியை வெச்சு மூடிட்டீங்களா?" மதுமதியின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "நீங்களாவது சொல்லியிருக்கலாமேங்க?" என்று புருஷனைப் பார்த்தாள்.

"அது அக்கிதானே மது" என்றான் சபரிநாதன் படுத்தபடியே. "டாக்டர் ரேஷ்னுதானே கேட்டார்? அதுவும் நீ இல்லாதப்ப காவி பூசினது தெரிஞ்சா சண்டை போடுவேன்னு அம்மா சொல்ல வேண்டாம்னாங்க."

"நீ என்னைப் பட்டிக்காட்டுக்காரின்னு நெனைச்சுக்குவீன்னு பயந்துட்டேன் கண்ணு" என்று பொன்னாத்தாள் அழுதாள். "நீ அந்தப் படத்தைக் காட்டுனப்பவே தெரிஞ்சுபோச்சு. வாயைத் தொறக்க முடியல. என்ற வீம்புக்குப் பையன் நெஞ்சைக் கிழிக்கப் பாத்தேனே, நானெல்லாம் ஒரு தாயா!"

அப்புசாமி கையை ஓங்கிவிட்டார். மதுமதி குறுக்கே போய் நின்றாள். "வேண்டாம் மாமா. இப்பவாவது சொன்னாங்களே. டாக்டரைக் கூப்பிடுங்க."

தீர்த்தகிரி வந்ததும் பொன்னாத்தாளை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். கொப்புளம் இருந்ததா? இல்லைங்க, வழவழன்னு இருந்துச்சு. எரிச்சல்? இல்லைங்க. ஒரே அளவாக இருந்ததா? மொத நாளு எலுமிச்சம்பழம் அகலம், மூணாம் நாளு என்ற உள்ளங்கை பத்தல. காத்தானே சொன்னான், இது என்ன அக்கி, எழுத எழுதப் பெருசாகுதேன்னு.

டாக்டர் டார்ச்சைப் பிடித்துச் சபரிநாதனின் முழங்காலுக்குப் பின்னால் பார்த்தார். தோலின் மடிப்பில் காவியின் கறை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதற்கு வெளியே, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, வெளிறிய சிவப்பில் ஒரு வளையம் ஓடியது.

"அக்கின்னா கொப்புளம் இருக்கும், வலி உயிர் போகும். இது அக்கி இல்லம்மா. அவர் இல்லைன்னதும் விட்டுட்டேன், அன்னைக்கே காலைத் திருப்பிப் பார்த்திருக்கணும்" என்று நிமிர்ந்தார். "தியேட்டர் வேண்டாம்னு சொல்லிடுங்க சிஸ்டர். மருந்தை இப்பவே ஏத்துங்க."

"அப்ப ரிப்போர்ட்டு தப்புங்களா?" என்றார் அப்புசாமி.

"தப்புன்னு சொல்ல மாட்டேன். அவசரப்பட்டுக் கேட்டோம், அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுச்சு. இன்னும் ரெண்டு வாரம் போய் மறுபடி எடுப்போம். மருந்து சீக்கிரமே போயிட்டா அப்பவும் நெகட்டிவா வரலாம், அதையும் இப்பவே சொல்லிடறேன். நம்ம கையில இப்ப இருக்கறது இந்த வளையம்தான். அதை நம்பிக் கம்பியைச் சில நாள் விட்டுவெக்கறேன். இதயம் தானா முழிச்சுக்கிச்சுன்னா நல்லது. இல்லைன்னா பேஸ்மேக்கர் எங்கயும் ஓடிப்போகாது. ராத்திரி பகலா நான் பார்த்துக்கறேன்."

அப்புசாமி மருமகளைப் பார்த்தார். அவள் தலையில் கையை வைத்து, "சாமி" என்று மட்டும் சொன்னார். மதுமதிக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்போதுதான் இரண்டு நாள் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஸ்ட்ரெச்சர் திரும்பி அறைக்குப் போனது. சொட்டு மருந்து இறங்க ஆரம்பித்தது. அப்புசாமி எல்லோருக்கும் காபி வாங்கக் கிளம்பினார். எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டது என்றுதான் நானும் எழுதி முடித்திருப்பேன், பொன்னாத்தாள் மட்டும் மருமகளின் முந்தானையைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால்.

"மது."

"அழுகாதீங்க அத்தை. எனக்கு உங்க மேல கோவமில்லை."

"இன்னும் ஒண்ணு இருக்குது கண்ணு." "அன்னிக்குக் காத்தான் ரெண்டு பேருத்துக்கு எழுதுனான்."

"யாருக்கு?"

"அம்முணிக்குங் கூட. பின்கழுத்துல, முடிக்குள்ள. சின்னதாத்தான் இருந்துச்சு. அப்பனுக்கு எழுதறப்ப அப்பிடியே புள்ளைக்கும் எழுதுன்னு நாந்தான் சொன்னேன்."

இலைக் குவியலில் குதித்துக் குதித்து விளையாடிய பெண். மேல் சுடுது, கழுத்து வலிக்குது, சோறு வேண்டாங்குது. மதுமதி போனை எடுத்தாள். விரல் இரண்டு தடவை தப்பான பெயரில் பட்டது.

"அக்கா, தாரிகா என்ன பண்றா?"

"தூங்குதுங்க" என்றாள் வள்ளியாத்தாள். "அப்பப் படுத்ததுதான். எழுப்புனா முனகிட்டுப் படுத்துக்குது."

"அவ பின்கழுத்துல முடியை விலக்கிப் பாருங்க. இப்பவே பாருங்க."

போனில் புடவை உரசுவது கேட்டது, கட்டில் முனகியது.

"ஏனுங்... செவப்பா இருக்குதுங்க. வட்டமாட்ட. காதுக்குப் பின்னால வரைக்கும் போகுதுங்க."

மதுமதி திரும்பினாள். பொன்னாத்தாள் அங்கே இல்லை. லிஃப்டுக்குக் காத்திருக்காமல், செருப்பைக் கூடப் போடாமல், படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.